முன்பக்கத்தில் துப்பாக்கி உண்டா?

சோபியாவில் டிராம் நடத்துனராக இருந்த ராங்கெல் மினெவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பயணி குறைவு. "அடுத்த நிறுத்தத்துல இறங்கணுமா?" என்று கேட்பார். இதற்கெல்லாம் நம் ஊரில் யார் வாயைத் திறப்பார்கள்? ஆமாம் என்றால் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். இல்லை என்றால் முகவாயை மேலே ஒரு வெட்டு வெட்டி இறக்குவோம். பல்கேரியாவில் நடை பழகாத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ராங்கெலுக்கு மட்டும் அது போதாது. "தலையை எதுக்கு ஆட்டறீங்க? வாயைத் திறந்தா முத்தா கொட்டிடும்? ஆமாவா இல்லையா, சொல்லுங்க!" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்துவார். மனிதருக்குக் கொஞ்சம் மரை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு காலத்தில் போர் விமானம் ஓட்டியவர் என்பது அந்த வண்டியில் அநேகம் பேருக்குத் தெரியாது.

ராங்கெல் பிறந்தது மலையடிவாரத்தில், ஆட்டுமந்தை வைத்திருந்த வீட்டில். பேச்சு வந்த நாளிலிருந்து கேள்விதான். எட்டு வயதிருக்கும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: மந்தையைக் காக்கிற நாயை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினால் அதற்குத் தெரியாது? யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிற பிள்ளையா அது! புல்லில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பக்கமாக ஊர்ந்து போய்ப் பார்த்தான். கடைசியில் பின்புறத்தில் ஒரு கடி வாங்கிக்கொண்டு அலறியபடி வந்து சேர்ந்தான். அப்பா காயத்தில் சாராயத்தை ஊற்றிக்கொண்டே, "சரி, எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதுப்பா. காத்து எதிர வர்ற பக்கமா போனா அதுக்கு மோப்பம் பிடிக்க முடியல."

"அப்புறம் எப்படிக் கடிச்சுது?"

"கடிச்சது வேற நாய்."

அந்தப் பையன் வளர்ந்து, மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே விமானப்படையில் சேர்ந்தான். உள்ளே ஈரத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்டான். ரூஜா என்ற பெண்ணைக் கட்டினான். அவளுடைய தங்கை நேவேனாவை, அதே படைப்பிரிவில் இருந்த ஸ்டோயில் கட்டினான். இப்படி இருவரும் சகலைகள் ஆனார்கள்.

ஸ்டோயில் எதையும் கேட்கிறவன் இல்லை. உருண்டை முகம், நல்ல பசி, வெளிப்படையான பயம். விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் சிலுவைக்குறி இட்டுக்கொள்வான். அது போதாதென்று ராங்கெலிடம் வந்து நிற்பான். "சகலை, இன்னிக்கு எப்படிப் போகணும்?" என்பான். ராங்கெல் சொல்வதைக் கேட்டதும் அவன் முகம் தெளிந்துவிடும். இவன் விசாரிக்காமல் எதையும் சொல்லமாட்டான் என்று ஸ்டோயிலுக்கு அப்படி ஒரு நிச்சயம்.

இரண்டாம் உலகப்போரின் ஒரு குளிர்காலத்தில்தான் இத்தாலிப் பக்கமிருந்து அமெரிக்கர்களின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் சோபியாவுக்கு வரத் தொடங்கின. நான்கு எஞ்சின், பத்து ஆள். வீடுகள் பற்றி எரிந்தன. நம் விமானிகள் தினமும் மேலே ஏறினார்கள், இருந்த குண்டுகளையெல்லாம் சுட்டார்கள், இறங்கினார்கள். அந்த விமானங்களோ ஒன்றும் நடக்காததுபோலப் போய்க்கொண்டே இருந்தன.

"தோல் கெட்டிடா அதுக்கு" என்றான் ஸ்டோயில். "எருமை மேல கூழாங்கல் எறியற மாதிரி இருக்கு."

ராங்கெலுக்கு இது உறுத்தியது. தோல் கெட்டி என்றாலும் குண்டு பட்ட தடமாவது இருக்க வேண்டுமே? தரைப் பீரங்கி வீழ்த்திய ஒரு விமானத்தின் வால்பகுதியைப் போய்ப் பார்த்தான். அலுமினியத் தகடு. கத்தியால் கீறினால் கிழிகிறது. அப்படியானால் குண்டு போய்ச் சேரவே இல்லை. ஏன் சேரவில்லை?

மறுநாள் காலை அவன் செய்த காரியத்தைப் பார்த்து முகாமே வாசலில் கூடிச் சிரித்தது. அடுப்புச் சாம்பலை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போய், ஓடுதளத்துக்கு அப்பால் இருந்த பனிவெளியில் கொட்டிக்கொண்டிருந்தான். உச்சிவேளைக்குள் வெள்ளைப் பனியில் கருப்பாக ஒரு குண்டுவீச்சு விமானம் விரிந்து கிடந்தது, இறக்கை நுனியிலிருந்து இறக்கை நுனிவரை அசல் அளவில். உடைந்த விமானம் ஒன்றிலிருந்து, சுடுவதற்குக் குறிபார்க்கிற ஒளிவளையம் தெரியும் குறிக்கண்ணாடியைக் கழற்றி, ஒரு பாட்டரியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, ஸ்டோயிலை எதிர்க் குன்றுக்கு இழுத்துப் போனான்.

"இதுக்குள்ள பாரு. வளையத்துக்குள்ள அது எவ்வளவு பெரிசா தெரிஞ்சா நீ சுடுவே?"

ஸ்டோயில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "இப்பவே சுடுவேன். வளையம் நிறைஞ்சுபோச்சே."

"நாம இங்கேருந்து அங்க நடந்து போயிட்டு வந்தா சோறு ஆறிடும், சகலை. அவ்வளவு தூரம். உன் குண்டு பாதி வழியிலேயே கீழே இறங்கிடும்."

விஷயம் இதுதான். நம் விமானிகள் பழகியதெல்லாம் சின்ன விமானங்களைச் சுட்டு. வளையம் நிறைந்தால் கிட்டே வந்துவிட்டோம் என்று கண்ணுக்குப் பழக்கம். இந்தப் பூதமோ மூன்று மடங்கு அகலம். எட்டத்தில் இருக்கும்போதே வளையத்தை நிறைத்துக் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. ராங்கெல் சகலையைக் குன்றிலிருந்து இறக்கி, நடத்தி, நிறுத்தி, பார்க்கச் சொல்லி, மறுபடி நடத்தினான். ஒற்றை இறக்கையே வளையத்துக்குள் அடங்காத இடம் வந்தபோது, "இங்கேருந்து சுடு" என்றான்.

"இவ்வளவு கிட்டயா?" ஸ்டோயிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவன் மூஞ்சியில மச்சம் இருந்தா எண்ணிடலாமே!"

படைப்பிரிவின் தலைவர் கேப்டன் தாபகோவ் வந்து தானும் கண்ணாடிக்குள் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு விமானியையும் அந்தப் பனியில் நடக்கவைத்தார்.

ஆனால் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் இன்னொன்று முளைக்கும். அவ்வளவு கிட்டே எந்தப் பக்கமாகப் போவது? பின்னால் போனால் வாலில் துப்பாக்கி, முதுகில் துப்பாக்கி, வயிற்றில் துப்பாக்கி, இரண்டு விலாவிலும் துப்பாக்கி. போதாக்குறைக்குப் பக்கத்து விமானங்களும் சேர்ந்து சுடும். துரத்திப் பிடிக்கிறவரை அத்தனை பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். எதிரே போனால் கதை வேறு. இரண்டு விமானங்களும் ஒன்றை நோக்கி ஒன்று பாய்வதால் கண் இமைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே முன்பக்கம்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எப்படிப் போவது என்பதில்தான் சிக்கல். அதன் மூக்கில் துப்பாக்கி இல்லை என்றால், நேர்மட்டமாகப் போய், நிதானமாகக் குறி வைத்து, மச்சம் எண்ணுகிற தூரத்தில் சுடலாம். இருந்தால் அப்படிப் போவது தற்கொலை. உயரத்திலிருந்து சரிந்து பாய்ந்து, ஒரு வெடி வெடித்துவிட்டு, உடனே கீழே விழுந்து ஓட வேண்டும். முன்பு வந்த விமானங்களில் மூக்கில் வெறும் கண்ணாடிக்கூண்டு; கையால் பிடித்துச் சுடுகிற துப்பாக்கி ஒன்று, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. புதிதாக வருபவற்றில் மூக்கையே மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. பார்த்துவிடலாம் என்றால், விழுகிற விமானமெல்லாம் மூக்கு குத்தித்தான் விழுந்தது. மிஞ்சியது வால் மட்டுமே.

அப்போதுதான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில், விழுந்த விமானத்திலிருந்து தப்பிய அமெரிக்கன் ஒருவன் கிடக்கிறான் என்று சேதி வந்தது. ராங்கெல் சைக்கிளை எடுத்தான். ரூஜா சுட்டுக்கொடுத்த ரொட்டி ஒன்றையும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

கட்டிலில் கிடந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. தாடை உடைந்து முகம் முழுக்கக் கட்டு. கண்ணும் மூக்கும் உதடும்தான் தெரிந்தன. இரண்டு கைகளிலும் தீக்காயத்துக்கு மருந்து கட்டியிருந்தார்கள். இவனுக்கு ஆங்கிலம் தெரியாது, அவனால் பேச முடியாது. ராங்கெல் அதற்கெல்லாம் அசருகிறவனா? ரொட்டியை எடுத்துப் போர்வைமேல் வைத்தான். இதுதான் விமானம் என்று கையை இறக்கைபோல விரித்துக் காட்டினான். பையனின் கண்கள் சிரித்தன. ராங்கெல் தீக்குச்சிகளை எடுத்து வாலில் ஒன்று, முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று, விலாக்களில் ஒவ்வொன்று என்று குத்தினான். இவற்றைப் பற்றி அவன் கேட்கவில்லை. அங்கிருந்தெல்லாம் அவனைச் சுட்டிருந்தார்கள், அவனுக்கே தெரியும். கடைசிக் குச்சியை ரொட்டியின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தினான். இங்கே உண்டா?

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான். பிறகு முகவாயை மேலே தூக்கி இறக்கினான். இன்னொரு தடவை. வலித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படியும் விடாமல் மூன்றாவது தடவையும் மேலும் கீழுமாக ஆட்டினான்.

இல்லை! ராங்கெலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேஜைமேலிருந்த தண்ணீர்க் குவளையைக் காட்டி, குடிக்கிறாயா என்று கேட்டான். பையன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். ராங்கெல் அன்போடு குவளையைக் கொண்டுபோய் உதட்டில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. வேண்டும் என்று கேட்டுவிட்டு எதிரி கையால் குடிக்க ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று ராங்கெல் நினைத்துக்கொண்டான்.

செவிலி பராஸ்கேவா அப்போதுதான் உள்ளே வந்தாள். "ஐயோ, ரொட்டியில போயி குச்சியைக் குத்தி வெச்சிருக்கீங்களே! சாப்பிடற பொருள்ங்க அது, கை எப்படி வந்துது?" என்று பிடுங்கிக்கொண்டு அவனை வெளியே விரட்டினாள். சின்ன வயதில் சிகாகோவில் வளர்ந்தவள் அவள். அப்பா அங்கே இரும்பாலையில் வேலை பார்த்தார். ஊரில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கிற ராங்கெல், அன்றைக்கு அவளிடம் மட்டும் ஒன்றும் கேட்காமல் சைக்கிளில் ஏறிவிட்டான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

"எதிரி சொன்னதை நம்பறதா?" என்று கேட்டார் கேப்டன் தாபகோவ்.

"நானும் அதை யோசிச்சேன், கேப்டன் ஐயா. அவன் பொய் சொல்றதா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? துப்பாக்கி இருக்குன்னு சொல்லி நம்மளை மிரட்டியிருப்பான். இல்லன்னு எதுக்குச் சொல்லணும்? அதனாலதான் நம்பறேன்."

கேப்டன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் உறுதியாக நின்ற வாதம் அது. சரி என்று தலையை இடவலமாக ஆட்டினார்.

ஸ்டோயில் ராங்கெலைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனான். "சகலை, உண்மையைச் சொல்லு. மூக்குல ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்ப நேரா போலாங்கறே."

"நேரா போ. வளையத்துல இறக்கை அடங்காம போற வரைக்கும் போ."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா நீ கேட்டுட்டு வந்திருக்கே, அது போதும்" என்று ஸ்டோயில் அவன் முதுகில் தட்டிவிட்டு, பீன்ஸ் சூப் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மலைக்கு மேலே அவை வரிசை வரிசையாக வந்தன. ஸ்டோயில் முதலில், சற்றுப் பின்னால் வலப்புறம் ராங்கெல். எதிரிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. ராங்கெலுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. முன்பக்கமிருந்து பார்த்தால் அந்த விமானத்துக்கு நீளமே இல்லை! ஒரு கோடு, நடுவில் ஒரு புள்ளி, பக்கத்துக்கு இரண்டு சின்னப் புள்ளிகள். ரொம்ப நேரம் அது வளரவே இல்லை. பிறகு ஒரேயடியாக வளர்ந்தது.

நடுப்புள்ளியில் தீப்பொறி பறந்தது. கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறிக்கிறது என்று ராங்கெல் நினைத்தான். மறுபடி பறந்தது, இரண்டு இடத்தில், ஜோடியாக.

"கீழ போ! ஸ்டோயில், கீழ போ! துப்பாக்கி இருக்கு!"

ரேடியோவில் இரைச்சல்தான் பதிலாக வந்தது. ஸ்டோயிலின் விமானம் குன்றிலிருந்து நடந்து பழகியதுபோலவே நேர்மட்டமாக, ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் எஞ்சின் மூடி பிய்ந்து பறந்ததை ராங்கெல் பார்த்தான். கண்ணாடி சிதறியதையும் பார்த்தான். ஸ்டோயிலின் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, கீழே மலைச்சரிவை நோக்கிப் போனது. பாராசூட் குடை எதுவும் விரியவில்லை.

இறங்கிய கையோடு ராங்கெல் ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். விமானத்து உடுப்புகூட மாற்றவில்லை; இடுப்பில் கைத்துப்பாக்கி. பராஸ்கேவா குறுக்கே வந்து நின்றாள்.

"அவன் பொய் சொல்லிட்டான்! என் சகலை செத்துப்போயிட்டான். விலகு!"

"கத்தாதீங்க. நோயாளிங்க இருக்காங்க. என்ன கேக்கணும்னு எங்கிட்ட சொல்லுங்க, நான் கேக்கறேன். எனக்கு அவன் பாஷை தெரியும்."

ராங்கெல் அப்படியே நின்றான். "உனக்குத் தெரியுமா?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

தாடைக் கட்டை அப்போது தளர்த்தியிருந்தார்கள். பையனின் பெயர் ஹார்லன். பராஸ்கேவா குனிந்து கேட்டாள். அவன் பல்லைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் குழப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"பொய்யே சொல்லலையாம். முன்னாடி ரெட்டைத் துப்பாக்கி இருக்குன்னுதான் சொன்னானாம். அவன் உட்கார்ற இடமே அதுதானாம்."

"இல்லன்னான்! என் கண்ணால பாத்தேன். இப்படி, இப்படி, மூணு தடவை!" ராங்கெல் முகவாயை வெட்டிக் காட்டினான்.

பராஸ்கேவா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க ஊர்ல அதுதாங்க ஆமா" என்றாள் கடைசியில். "நான் போனப்ப எனக்கும் பழக ரொம்ப நாளாச்சு. பக்கவாட்டுல ஆட்டினா வேண்டாம்னு அர்த்தம். மேலயும் கீழயும் ஆட்டினா ஆமா."

ராங்கெலுக்குத் தண்ணீர் வழிந்த அந்தக் கழுத்து ஞாபகம் வந்தது. அந்த ரோஷத்தைப் பற்றி மட்டும் அவன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஹார்லன் மறுபடி ஏதோ சொன்னான். பராஸ்கேவா தயங்கித் தயங்கித்தான் அதைப் பெயர்த்தாள். "அவன் கூட்டாளிங்க இன்னும் வந்துட்டிருக்காங்கல்ல... நீங்க முன்பக்கமா வந்துடக் கூடாதுன்னுதான், வலிச்சாலும் பரவாயில்லன்னு அத்தனை தடவை ஆட்டினானாம். இப்ப கேக்கறான், அப்படியும் யாராவது போனாங்களான்னு."

பையன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை எப்படி ஆட்டுவது என்று தெரியாமல் ராங்கெல் நின்றான். பிறகு வெளியே போய், கேப்டனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் எல்லோரும் உயரத்திலிருந்து சரிந்துதான் முன்பக்கம் போனார்கள்.

நேவேனாவின் வீட்டுக் கதவில் கருப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே ரூஜா விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நேவேனா சமையலறையில், இறந்தவர்களுக்காகப் படைக்கிற கோதுமையை வேகவைத்துக்கொண்டு நின்றாள். ராங்கெல் உள்ளே வந்ததும் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள்.

"கேப்டன் வந்து சொல்லிட்டுப் போனாரு அத்தான். எங்க வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் விலகவே இல்லையாம். சிங்கம் மாதிரி நேரா போனாராம். மெடல் குடுப்பாங்களாம்."

ராங்கெல் அடுப்பருகே வந்து நின்றான்.

"அவரு எங்க அத்தான் சிங்கம்? இருட்டினா கொல்லைக்குப் போகவே என்னைத் துணைக்குக் கூப்பிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா? அத்தனை பெரிய விமானத்தைப் பார்த்து எதை நம்பி அவரு நேரா போனாரு?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சிங்கம் சிங்கமாகவே இருந்திருக்கும். கேப்டனும் அதற்காகத்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ராங்கெல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"முன்பக்கம் துப்பாக்கி இல்லன்னு அவன்கிட்ட சொன்னது நான்தான், நேவேனா. தப்பா புரிஞ்சுக்கிட்டேன். நேரா போன்னு சொன்னதும் நான்தான்."

அடுப்பில் கோதுமை பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமா."

அவள் கண்ணிலிருந்து மளமளவென்று நீர் வழிந்தது. அப்போதுதான், சேதி வந்த நேரத்திலிருந்து முதல் தடவையாக, அவளால் மூச்சை இழுத்து விட முடிந்தது.

"அப்படின்னா அவரு பயப்படாமத்தான் போயிருப்பாரு அத்தான்" என்றாள்.